பதின்மூன்றும் முப்பத்தொன்றும்

அச்சகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விழாமல் போயிருந்தால், தாளைக் கையில் வாங்குவதற்கு முன்பே அவள் கண் அங்கே போய் நின்றுவிடும். இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிற வேலை. கல்யாண அழைப்பிதழ் முதல் கணிதப் பாடநூல் வரை எதுவானாலும் சரி, சிவப்புப் பேனாவோடு அவள் உட்கார்ந்து எழுந்தால் அதில் பிழை இருக்காது. ஆனால் ஒன்று. அவள் எழுத்தைப் பார்ப்பாளே தவிர, விஷயத்தைப் பார்க்க மாட்டாள். விஷயத்துக்குள் மனம் போனால் கண் ஏமாந்துவிடும் என்பது அவள் கட்சி.

அந்த வருடம் அச்சுக்கு வந்திருந்தது ஊர் ஆற்றைப் பற்றிய ஒரு புத்தகம். எழுதியவர் நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடம் ஆற்றங்கரை முழுக்க நடந்து, பார்த்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டு எழுதியிருந்தார். அச்சகத்தில் அவருக்கு ஆறு சார் என்று பெயர் விழுந்துவிட்டது. “ஆறு சார் வந்திருக்காரு” என்று யாரோ முதன்முதலில் சொன்னபோது, புதிதாகச் சேர்ந்திருந்த மெஷின்காரர், “மீதி அஞ்சு பேரு எங்க?” என்று கேட்டாராம்.

ஆறு என்றால் பெரிய ஆறு இல்லை. மொத்தமே நாற்பத்தோரு கிலோமீட்டர். கல்குவாரிக்குப் பின்னால் ஓர் ஊற்றில் கிளம்பி, மூன்று செங்கல் சூளைகளையும் மூடிக்கிடக்கும் ஒரு பொத்தான் ஆலையையும் உரசிக்கொண்டு வந்து, ஊர்ப் பாலத்துக்கு அடியில் நுழைந்து, இன்னொரு பெரிய ஆற்றில் போய் விழுந்துவிடும். இதற்கு முந்நூற்றிருபது பக்கமா என்று முதலாளியே சிரித்தார். ஆனால் ஆறு சார் சும்மா எழுதவில்லை. ஆற்றுச் சிப்பியைத் துளைத்துச் சட்டைப் பொத்தான் செய்த அந்த ஆலை எப்படி வந்தது, தன் சக்கரங்களைச் சுற்ற வைக்க அது கட்டிய தடுப்பணை எப்படி இருந்தது, ஆலை மூடிய பிறகு மதகுகளைத் திறக்க ஆளில்லாமல் அவை எப்படித் துருவேறி இறுகிப்போயின என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போயிருந்தார். கடைசியில் ஒரு மழை நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு, மரக்கிடங்கிலிருந்து அடித்துக்கொண்டு வந்த தடிகள் அணையில் முட்டி அடைத்து, தண்ணீர் மேலே சூளைகள் வரைக்கும் பின்னேறி, அணை உடைந்தது. அது நடந்து ஐம்பத்தாறு வருடம் ஆகிறது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அந்த வெள்ளத்தில் இறந்த நாற்பத்து மூன்று பேரின் பட்டியல் இருந்தது. பெயர், வயது, தகப்பனார் தொழில், இடம். புள்ளியக்கா அடிக்கோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டு வந்தாள். பதின்மூன்றாவது வரியில் ‘படகொட்டி’ என்று விழுந்திருந்தது. கொம்பை மாற்றிப் ‘படகோட்டி’ என்று திருத்தினாள். பதினான்கைப் பார்த்தாள். பதினைந்தைப் பார்த்தாள். பதினாறில் கை நின்றுவிட்டது. மறுபடி மேலே போனாள்.

பதின்மூன்றாவது பெயர் அவள் அப்பாவுடைய பெயர். வயது பத்தொன்பது. படகோட்டியின் மகன். கீழ்த்துறை.

அப்பா போன வருடம்தான் இறந்தார். எழுபத்து நான்கு வயதில், தன்னுடைய சைக்கிள் கடை மேஜையில் தலையை வைத்தபடி. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் கீழ்த்துறையில் படகு ஓட்டியவர் அவள் தாத்தா ஒருவர்தான். அவருக்கு மகனும் ஒருவன்தான்.

எழுந்து முதலாளி அறைக்குப் போனாள்.

“சார், எங்கப்பாவச் செத்தவங்க லிஸ்ட்ல போட்டிருக்காங்க.”

“போன வருஷம்தானேம்மா. நான்கூட வந்தேனே.”

“இது அம்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நீ எப்படிப் பொறந்தே?”

“அதான் சார் எனக்கும் புரியல.”

ஆறு சாருக்குப் போன் போட்டார்கள். அரை மணி நேரத்தில் ஒரு துணிப்பை நிறையத் தாளோடு வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர்; உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் மாவட்ட அலுவலகத்தில் தட்டச்சு செய்த பட்டியலின் நகலை மேஜைமேல் விரித்தார். அதிலும் பதின்மூன்றாவது அப்பாதான்.

“இதுல நாப்பத்தோரு பேருக்கு உடல் கெடச்சு, சொந்தக்காரங்க வந்து பாத்து அடையாளம் சொல்லிருக்காங்க,” என்றார். “ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் கெடைக்கல. ஒண்ணு உங்கப்பா. இன்னொண்ணு முப்பத்தொண்ணாவது பேரு. சூளைக்காரர் மகன், வயசு இருபது, மேல்துறை. ரெண்டு பேரும் ஒரே சூளைல வேலை பாத்திருக்காங்க. தண்ணி வந்தப்ப ஒண்ணா ஓடினதப் பாத்தவங்க இருக்காங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஆத்து வளைவுல மணலுக்கு அடில ஓர் உடல் கெடச்சிருக்கு. இன்னார்னு சொல்ற நிலைமைல இல்ல. ‘இருவரில் ஒருவர்’னு எழுதி முடிச்சுட்டாங்க.”

“எங்கப்பா நல்லாத்தானே சார் இருந்தாரு.”

“அதான் சொல்றேன். உங்கப்பா பொழச்சு வந்துட்டாரு. அப்ப அந்த உடல் முப்பத்தொண்ணோடது. யாரும் போய் லிஸ்டத் திருத்தல, அவ்வளவுதான். பதிமூணத் தூக்கிடுங்க. நாப்பத்திரண்டு.” அவர் முகம் மலர்ந்தது. “பதினொரு வருஷமாத் தேடறேன், தண்ணிக்குள்ள போய் வெளிய வந்த ஆள் ஒருத்தர்கூட எனக்குச் சிக்கல. அவரு எப்படித் தப்பிச்சாராம்? உங்ககிட்டச் சொல்லிருப்பாரே.”

சைக்கிள் சக்கரத்துக் கம்பி எத்தனை என்பதிலிருந்து பக்கத்துக் கடைக்காரரின் மாமியார் சண்டை வரைக்கும் சொல்கிற அப்பா, வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படி ஒன்றை அவர் சொல்லவில்லை என்பதே அவளுக்கு இந்த நிமிடம்தான் தெரிந்தது.

“அத்தைகிட்டக் கேக்கறேன்,” என்றாள்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அறுபத்தைந்து வயது. பாலத்துக்குப் பக்கத்தில் நாற்காலி, மேஜை வாடகைக்கு விடுகிற கடை. ஒரு கூட்டம் முடிந்து திரும்பி வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஈரத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். புள்ளியக்காவும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தை, வெள்ளத்துல அப்பா எப்படித் தப்பிச்சாரு?”

“யாரு கேட்டாங்க?”

“புத்தகத்துல போடணுமாம்.”

“எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி நடந்தது தெரியாது.” அத்தை இன்னும் இரண்டு நாற்காலிகளைத் துடைத்தாள். பிறகு கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

வெள்ளம் வந்து இருபத்திரண்டாம் நாள், நிவாரண லாரியில் ஒரு பையனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தலை முழுக்கக் கட்டு. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் போட்டிருந்த சட்டைப் பையில் படகுத்துறை எண் பொறித்த பித்தளை வில்லை இருந்ததாம். அதை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். சட்டை படகோட்டி மகனுடையதுதான். காலரில் பாட்டி போட்ட ஒட்டுத் தையல் இருந்தது. தாத்தா சட்டையைப் பார்த்ததுமே உட்கார்ந்து அழுதுவிட்டார். பாட்டி அழவில்லை. பையனின் கையைப் புரட்டிப் பார்த்தாள். குனிந்து காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “உள்ள வா, சாப்பிடு” என்றாள்.

“எனக்கு ஒன்பது வயசு,” என்றாள் அத்தை. “அம்மா பின்னாடியே போய், ‘இது அண்ணனா?’ன்னு கேட்டேன். ‘அண்ணன்னு கூப்பிடு, பழகிடும்’னாங்க.”

புள்ளியக்காவின் கையிலிருந்த துணி நின்றது. “பழகிடும்னா?”

“அதான். பழகிடுச்சு.”

“அத்தை, அது அப்பாவா இல்லையா?”

“உங்கப்பா இல்லாம வேற யாருடி? உன்னையும் உன் தங்கச்சியையும் தூக்கி வளத்தது ஆவியா? உங்கப்பாங்கறதுல சந்தேகமே இல்ல. அவரு எங்கண்ணனாங்கறதுதான் நீ கேக்கறது.”

“சரி, அதுக்கு என்ன பதில்?”

“எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அவருதான்.”

“வெள்ளத்துக்கு முன்னாடி இருந்தவரு?”

அத்தை ஏற்கெனவே துடைத்து வைத்த நாற்காலியை எடுத்து மறுபடி துடைத்தாள். “ஒன்பது வயசுல ஒரு மொகம் எவ்வளவு ஞாபகம் இருக்கும், சொல்லு. அவரு ரெண்டு வருஷமாச் சூளைலயே தங்கியிருந்தாரு. மாசத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போவாரு. திரும்பி வந்தவரு மூணு மாசம் வாயத் தொறக்கல. தொறந்தப்ப குரல் வேற மாதிரி இருந்துச்சு. தலைல அடிபட்டாக் குரல் மாறும்னு அப்பா சொன்னாரு. மாறுமா என்னன்னு நான் எந்த டாக்டரையும் கேக்கல.”

அன்றைக்கு வீட்டுக்குப் போகப் புள்ளியக்கா ஏறிய பஸ் எதிர்த் திசையில் போகிற பஸ். நாலு நிறுத்தம் கழித்துத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் டீயில் உப்பைப் போட்டாள். கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி மீதியையும் குடித்தார். அச்சகத்தில் அவள் பார்த்துக் கொடுத்த ஒரு விலைப்பட்டியலில் ஐந்து பிழை இருந்ததாகத் திரும்பி வந்தது. “உடம்பு சரியில்லையாம்மா?” என்று முதலாளி கேட்டார். உடம்பில் ஒன்றுமில்லை. மண்டைக்குள் யாரோ நாற்காலிகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு படகோட்டியின் மகனுக்கு நீந்தத் தெரியாது என்பதை வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். வெள்ளத்தைப் பார்த்த பயம் என்று அம்மா சொல்வாள். அம்மாவும் போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது, கேட்க ஆளில்லை. இன்னொன்றும் இருந்தது. அப்பா ஆற்றை ஆறு என்று சொன்னதே இல்லை. ஓடை என்பார். “ஓடைல தண்ணி ஏறியிருக்கு, பாத்துப் போ.” அவர் குறும்புக்குச் சொல்கிறார் என்று பெண்கள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஆறு சாரின் புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது: பொத்தான் ஆலைக்கு மேலே, மேல்துறைப் பக்கம் இருக்கிறவர்கள் அதை ஓடை என்பார்கள், கீழே இருக்கிறவர்கள் ஆறு என்பார்கள். அந்த வரியை அவளே திருத்தியிருந்தாள். ‘ஓடை’யில் ஐகாரம் பிறழ்ந்திருந்ததைச் சரி செய்தாள், வேறொன்றும் அப்போது தோன்றவில்லை.

வெளியூரில் இருந்த தங்கையைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். தங்கை பொறுமையாகக் கேட்டாள்.

“அவரு ரெண்டு வருஷம் மேல சூளைல இருந்தார்னு நீதானே சொல்றே,” என்றாள். “அங்க பழகின வார்த்தையா இருக்கும். நான் இங்க வந்து ஆறு வருஷத்துல எப்படிப் பேசறேன் பாரு.”

“நீச்சல்?”

“பயம்.”

“குரல்?”

“அக்கா, அடிபட்டவரு. விட்டுடேன்.” பிறகு தங்கையே கேட்டாள்: “அப்போ அத்தை நமக்கு அத்தையா இல்லையா?”

சனிக்கிழமை ஆறு சார் அவளை மேல்துறைக்கு அழைத்துக்கொண்டு போனார். முப்பத்தொன்றாவது பெயருக்கு ஒரு தம்பி இருந்தார். சூளையிலிருந்து செங்கல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்து நான்கு வயது. போவதற்கு முன்னால் ஆறு சார் புத்தகத்தின் எண்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்து நீட்டினார். வெள்ளத்துக்கு முந்தின வருடம் சூளையில் எடுத்த புகைப்படம். அடுக்கிய செங்கல்லுக்கு முன்னால் எட்டுப் பேர். அவளுடைய வேலை படத்துக்குக் கீழே இருக்கிற எழுத்தோடு முடிந்துவிடுவதால், அந்தப் படத்தை இதுவரை அவள் பார்த்ததே இல்லை. வலது ஓரத்தில் இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். “இந்த ரெண்டு பேரும் அவங்கதான். யாரு யாருன்னு சொல்ல ஆளில்ல,” என்றார். அந்த இரண்டு பேரில் இடது பக்கம் நின்றவன் மோவாயைத் தூக்கி, தெருக்கோடியில் போகிற யாரையோ கூப்பிடப் போகிறவன் மாதிரி நின்றான். அப்பா. வேறு யாராகவும் இருக்க முடியாது. கடை வாசலில் அப்படித்தான் நிற்பார்.

“இவருதான் சார் எங்கப்பா. இடது பக்கம்,” என்றாள். நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. “அவங்க தம்பி பாத்து, ‘வலது பக்கம் எங்கண்ணன்’னு சொல்லிட்டார்னா முடிஞ்சது.”

லாரிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆறு சார் போனில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. புள்ளியக்காவுக்கு அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சார் என்றால் ஒட்டவில்லை. இந்தப் பக்கம் பார்த்தால் யாரோ; அந்தப் பக்கம் பார்த்தால் சித்தப்பா. “வணக்கம்” என்று மட்டும் சொன்னாள்.

சின்ன வீடு, சுத்தமான வீடு. சுவரில் லாரிச் சாவிகள் ஓர் ஆணியில் தொங்கின, லாரியைத்தான் காணோம். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார்.

படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். “இந்தப் போட்டோவ நான் பாத்ததே இல்ல,” என்றார். பிறகு விரலை வைத்தார். “இது. இதான் எங்கண்ணன்.”

விரல் இடது பக்கம் இருந்தது.

புள்ளியக்கா ஆறு சாரைப் பார்த்தாள். ஆறு சார் டீயைப் பார்த்தார்.

“நல்லாப் பாருங்க,” என்றாள் அவள். “அந்தப் பக்கம் இருக்கறவரா இருக்கும்.”

“மோவாயத் தூக்கிட்டு நிக்குது பாருங்க. எங்க வீட்டுப் பழக்கம் அது. இல்லையா?” என்று மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள், “உங்கண்ணன நான் எங்க பாத்தேன்?” என்றார்.

புள்ளியக்கா போனை எடுத்து அப்பாவின் அறுபது வயதுப் படத்தைக் காட்டினாள். லாரிக்காரர் நெடுநேரம் பார்த்தார்.

“இவரத் தெரியுமே. பாலத்துக்கிட்ட சைக்கிள் கடை. லாரில போறப்ப தினமும் நாலு தடவ அந்தக் கடையத் தாண்டுவேன். லாரி ரிப்பேர்ல கெடந்தப்ப ஒரு மாசம் சைக்கிள்ல போனேன். இவருதான் காத்து அடிச்சுக் கொடுத்தாரு. மேல்துறையான்னு கேட்டாரு. ஆமான்னேன். அம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நல்லா இருக்காங்கன்னேன். எல்லாரும் கேக்கறதுதானே.”

ஆறு சார் மெதுவாக, “படகோட்டி மகனா இருந்தாலும் கேட்டிருப்பாரு. உங்கண்ணனோட சிநேகிதர். உங்க வீட்ல சாப்பிட்டிருப்பாரு,” என்றார்.

“கேட்டிருப்பாரு,” என்று லாரிக்காரர் ஒப்புக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டி, மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை அத்தையிடம் கொண்டுபோனாள். யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லாமல் நீட்டினாள். அத்தை கண்ணாடியைத் தேடக்கூட இல்லை.

“இடது பக்கம். இதுகூடத் தெரியாதா உனக்கு? நல்ல பொண்ணு போ.”

“வலது பக்கம் யாரு?”

“அது யாரோ.”

அந்த யாரோ சிரித்துக்கொண்டு நின்றான். சட்டையின் முதல் பொத்தான் இல்லை. செத்தது இவன்தான் என்பது மட்டும் இப்போது தெரிந்தது. இவன் யார் என்பதுதான் தெரியவில்லை. இரண்டு வீட்டிலும் இவனுக்காக அழுதிருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டு வீட்டிலும் இவன் வேண்டாதவனாக நிற்கிறான். புள்ளியக்காவுக்கு அப்பாவைவிட இவன்மேல்தான் அன்றைக்கு இரக்கம் வந்தது. ஏன் என்று அதுவும் புரியவில்லை.

புதன்கிழமை அச்சு ஏறியாக வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மட்டும் பாக்கி. ஆறு சார் ஒரு முடிவுக்கு வராமல் இரண்டு வீட்டாரையும் அச்சகத்துக்கே வரச் சொல்லிவிட்டார். அத்தை வாடகை நாற்காலிகளை ஏற்றுகிற வண்டியிலேயே வந்து இறங்கினாள். லாரிக்காரர் அதே இஸ்திரிச் சட்டையில் வந்தார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். முதலாளி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“விஷயம் இதான்,” என்று ஆறு சார் நின்றபடியே சொன்னார். “செத்தது நாப்பத்திரண்டு பேரு. பேரு இருக்கறது நாப்பத்து மூணு. ஒண்ண எடுக்கணும்.”

“பதிமூண எடுங்க,” என்றாள் அத்தை. “எங்கண்ணன் பேர அதுல விட்டு வச்சா, வீட்டுக்கு வந்தவரு எங்கண்ணன் இல்லன்னு ஆயிடும்.”

“அதத்தான் நானும் சொல்றேன், பதிமூணயே எடுங்க,” என்றார் லாரிக்காரர்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். போட்டோவில் இடது பக்கம் நிற்பது தன் அண்ணன் என்று விரல் வைத்துச் சொன்ன மனிதர்.

“முப்பத்தொண்ண எடுத்தா என்ன அர்த்தம்?” என்றார் அவர். “எங்கண்ணன் உயிரோட இருந்தாருன்னு அர்த்தம். பன்னண்டு கிலோமீட்டர் தூரத்துல அம்பத்தஞ்சு வருஷம் இருந்துட்டு, பெத்தவளப் பாக்க ஒரு தடவகூட வரலன்னு அர்த்தம். அம்மா கடைசி வரைக்கும் ஓடைப் பக்கத்துக் கதவச் சாத்த விடல. அவரு செத்துட்டார்னே இருக்கட்டும்.”

“அப்ப போட்டோவுல?” என்று ஆறு சார் கேட்டார்.

“போட்டோவுல எங்கண்ணன்தான்.”

“எங்கண்ணன்,” என்றாள் அத்தை.

“சரிங்க, உங்கண்ணன்தான். ஆனா போட்டோவுல இருக்கறது எங்கண்ணன்.”

முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டார். மெஷின்காரர் ஒரு மூலையில், “எனக்கு ஒண்ணுமே புரியல” என்று சத்தமாகவே சொன்னார். அத்தை சட்டென்று சிரித்துவிட்டாள். லாரிக்காரரும் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள, அத்தை பெஞ்சின் நடுவில் இருந்த இடத்தில் தன் கைப்பையை வைத்தாள், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சட்ட எப்படி மாறுச்சு?” என்று அவரைக் கேட்டாள். “உங்கண்ணனுக்குச் சொந்தச் சட்ட இல்லையா?”

“ரெண்டு பேருக்கும் சேத்து மூணு சட்டைன்னு அம்மா சொல்வாங்க. படகுக்காரர் வீட்டுச் சட்டதான் நல்லதாம், யாரு முதல்ல எழுந்திரிக்கறாங்களோ அவங்களுக்கு அது.”

“எங்கண்ணன் சோம்பேறி,” என்றாள் அத்தை. “முதல்ல எழுந்திரிக்கற ஆளே இல்ல.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது போலிருந்தது. புள்ளியக்காவின் அப்பா விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கடையைத் திறந்துவிடுகிறவர். அதை அங்கே யாரும் சொல்லவில்லை. மனிதர்கள் மாறுவார்கள்தான்.

புள்ளியக்கா பக்கத்தைத் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனாள். எந்தப் பெயரை அடிப்பது என்று சிவப்புப் பேனாவைப் பதின்மூன்றின் மேல் வைத்தாள். முப்பத்தொன்றின் மேல் வைத்தாள். முப்பத்தொன்றை அடித்தால் அத்தை போய்விடுவாள்; கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த ஒரு தாயின் கல்நெஞ்சக்கார மகன் ஆகிவிடுவார், அவள் அப்பா. பதின்மூன்றை அடித்தால் இரண்டு வீட்டுக்கும் நிம்மதி; ஆனால் அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. தப்பாக அடித்தால் அழிந்துபோவது செத்துப்போன வலது பக்கப் பையனின் பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பிறர் எழுதியதைத் திருத்தியவள், கடைசியில் பட்டியலுக்கு அடியில் தானே எழுதினாள்.

‘பதின்மூன்றாம், முப்பத்தொன்றாம் பெயர்களுக்கு உரியவர்களில் ஒருவர் பிழைத்தார். எவர் என்பது தெரியவில்லை. அவர் அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் பாலத்தருகே வாழ்ந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தார். இரண்டு பெண்களுக்குத் தந்தை. இரண்டு குடும்பத்தார் அவரை அண்ணன் என்கிறார்கள். இறந்தவரும் இரண்டு குடும்பத்தாருக்கும் அண்ணனே.’

தலைப்பில் நாற்பத்து மூன்று என்றிருந்ததை நாற்பத்திரண்டு என்று மாற்றினாள். பெயர்களில் கை வைக்கவில்லை.

ஆறு சார் படித்துப் பார்த்தார். “நாப்பத்திரண்டுன்னு போட்டு நாப்பத்து மூணு பேரா? எண்ணிப் பாக்கறவங்க அச்சுப்பிழைம்பாங்க.”

“சொல்லட்டும் சார்.”

“உங்க பேருதான் கெடும்.”

“கெடட்டும்.”

அவர் இன்னொரு தடவை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புத்தகம் வந்து ஒரு வாரம் கழித்து லாரிக்காரர் தன் பிரதியை வாங்கிக்கொள்ள வந்தார். எழுத்து பொடியாக இருக்கிறதென்று அடிக்குறிப்பை அவளையே படிக்கச் சொன்னார். படித்தாள். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

“ரெண்டு பொண்ணுன்னு போட்டிருக்கே. இன்னொண்ணு எங்க இருக்கு?”

“வெளியூர்ல. கண் ஆஸ்பத்திரில நர்ஸ்.”

“அது சின்னதா, பெருசா?”

“சின்னவ.”

“ம்.” சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “உன் நம்பரக் கொடும்மா. ஏதாவதுன்னாப் பேசலாமில்ல.”

சொன்னாள். ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். “என்னன்னு போட்டு வைக்கட்டும்?”

தன் பெயரைச் சொல்லலாம். அச்சகத்தின் பெயரைச் சொல்லலாம்.

“உங்களுக்கு என்ன தோணுதோ அதப் போடுங்க,” என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். ஓர் எழுத்து அடிப்பார், அழிப்பார், மறுபடி அடிப்பார். உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் எட்டிப் பார்க்கவில்லை.